பகா எண் விடை மாட்டவில்லையா? இருபடிச் சமன்பாட்டில் வரும் கோளாறுகளும் பார்க்க வேண்டிய வரிசையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் வாரம் மூன்று மாலை கணக்கு டியூஷன் எடுக்கிறேன். எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். என்ற பள்ளித் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம். தேசிய கணித ஒலிம்பியாடான ஓ.எம்.கே.வுக்குத் தயாராகிற ஐந்தாறு பேர் வெள்ளிக்கிழமை மட்டும் வருவார்கள். அவர்கள் கொண்டுவருகிற நோட்டில் ஒரே வகைக் கோளாறைத்தான் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பகா எண்களை (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும், 1-ஐவிடப் பெரிய எண்களை) மட்டும் விடையாகக் கேட்கும் இருபடிச் சமன்பாடு அது. இடைநிலைப்பள்ளியில் இதே பகா எண்ணை மலாயில் "நொம்போர் பெர்டானா" என்று படித்துவிட்டு வருவதால், சிலருக்குத் தமிழ்ச்சொல்லை நினைவுபடுத்துவதில் இருந்தே வேலை ஆரம்பமாகிறது.

என் அப்பா செம்பனை ஆலையில் ஃபிட்டர். மிஷின் நின்றால், "முதல்ல சுவிட்ச்சைப் பாரு, அப்புறம் ஃபியூசு, அப்புறம் பெல்ட்டு. மோட்டாரைக் கடைசியாத்தான் கழட்டணும்" என்பார். கீழே உள்ளதும் அதே வரிசைதான். செலவில்லாத சோதனை முதலில், பக்கம் பக்கமாக எழுத வைக்கிற சோதனை கடைசியில்.

இங்கே ப, க, ர மூன்றும் பகா எண்கள். உங்கள் நோட்டில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

அறிகுறி 1: "விடை இல்லை" என்று முடிகிறது, ஆனால் பின்பக்கத்தில் விடை இருக்கிறது

*2 போட்டுப் பார்த்தீர்களா?*

பத்து நோட்டில் ஏழெட்டு இங்கேயே சரியாகிவிடும். ப² − 2க² = 1 என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எழுதுகிற இரண்டாவது வரி, "பகா எண்கள் ஒற்றைப்படை, ஆகவே ப, க இரண்டும் ஒற்றைப்படை." அந்த வரியிலேயே ஃபியூஸ் போய்விட்டது. பகா எண்களில் இரட்டைப்படை ஒன்றே ஒன்று உண்டு. கேள்வி போடுகிறவர் அதை நம்பித்தான் கேள்வியே போடுகிறார்.

சரியான வழி இது: 2க² இரட்டை என்பதால் ப² ஒற்றை, ப ஒற்றை. ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தில் 1 குறைத்தால் 8-ன் மடங்கு வரும். எனவே 2க², 8-ன் மடங்கு, க², 4-ன் மடங்கு, க இரட்டை. பகா எண்ணாகவும் இரட்டையாகவும் இருப்பது 2 மட்டுமே. க = 2, ப = 3. ஒன்பதில் எட்டு போனால் ஒன்று. வேறு விடை கிடையாது.

மூன்று எழுத்து வந்தாலும் இதே சோதனைதான். ப² + க² = ர என்றால் மூன்றும் ஒற்றையாக இருக்க முடியாது, ஏனென்றால் ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டை. ர பெரியது, அது 2 ஆகாது. ஆகவே ப, க இரண்டில் ஒன்று 2. அப்புறம் 4 + 9 = 13, 4 + 25 = 29, 4 + 49 = 53 என்று விடைகள் தானாக வரும். 4 + 121 = 125 வராது. 4 + 169 = 173 வரும்.

*2 போட்டும் வரவில்லை என்றால் 3.*

3-ஐத் தவிர வேறு எந்தப் பகா எண்ணின் வர்க்கத்தையும் 3 ஆல் வகுத்தால் மீதி 1. ப² + 2 = க என்ற கேள்வியில் ப, 3 இல்லையென்றால் இடப்பக்கம் 3-ன் மடங்காகிவிடும், அதுவும் 3-ஐவிடப் பெரிய மடங்கு. அதனால் ப = 3, க = 11 மட்டும். 8ப² + 1 = க என்பதும் அதே அச்சு: ப = 3, க = 73.

*இரண்டும் போட்டாயிற்று, இன்னும் இல்லை என்றால்* கேள்வியைப் பார்த்து எழுதியதில் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் 1-ஆ, −1-ஆ என்பதில் நோட்டின் தலையெழுத்தே மாறுகிறது. ஏன் என்று அறிகுறி 5-ல் தெரியும். எழுதியதும் சரியாக இருந்தால், உண்மையிலேயே விடை இல்லாத கணக்காக இருக்கலாம். ப² − 3க² = 1 அப்படிப்பட்டது. க ஒற்றையானால் ப இரட்டை, அதாவது 2; அப்போது க = 1 வருகிறது, அது பகா எண் அல்ல. க = 2 என்றால் ப² = 13, வர்க்கமில்லை. கதை முடிந்தது. "விடை இல்லை" என்று தைரியமாக எழுதலாம்.

அறிகுறி 2: விடை பொருந்துகிறது, ஆனால் மார்க் போய்விடுகிறது

*1 உள்ளே நுழைந்திருக்கிறதா?* ப² + 3க² = 52. முழு எண்ணில் பார்த்தால் (7, 1), (5, 3), (2, 4) என்று மூன்று ஜோடிகள் பொருந்தும். நான்கு பகா எண் இல்லை என்று எல்லோரும் அடித்துவிடுவார்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். 1 பகா எண் அல்ல. மிச்சம் (5, 3) ஒன்றுதான்.

*பகா எண் மாதிரி வேஷம் போடும் எண் இருக்கிறதா?* நான் கரும்பலகை ஓரத்தில் நிரந்தரமாக எழுதி வைத்திருக்கும் பட்டியல்: 51, 57, 87, 91, 119, 133, 143, 161, 217, 221, 247, 299. இவை எதுவும் பகா எண் அல்ல. 91-ஐ மட்டும் எத்தனை முறை திருத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. 7 × 13 என்று சொன்னால், "அடடா, ஏழாம் வாய்ப்பாட்டில் பன்னிரண்டோடு நின்னுட்டேன் டீச்சர்" என்பார்கள்.

பெரிய எண் என்றால் அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். குறுக்கு வழி தேடாதீர்கள். நான் தேடினேன். ஒருமுறை 8119-ஐப் பகா எண் என்று பலகையில் எழுதி, அதன் மேல் கணக்கை முடித்தும் விட்டேன். 90 வரை வகுத்தால் போதும், நான் 19-ஓடு நிறுத்திவிட்டேன். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் காலை ஐந்தரைக்கே எழுந்து போகிற தண்டலின் (மேற்பார்வையாளரின்) மகள் ஒருத்தி, பின் பெஞ்சில் இருந்து, "டீச்சர், இருபத்து மூணு" என்றாள். அவ்வளவுதான். 23 × 353 = 8119. ஒரு படி முன்னால் நிறுத்தியிருக்கிறேன்.

அறிகுறி 3: ப = 2, ப = 3, ப = 5 என்று பக்கம் பக்கமாகப் போகிறது, முடியவில்லை

*காரணிப்படுத்த முடியுமா?* முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். ப² − க² = 72 என்றால் (ப − க)(ப + க) = 72. இரண்டு காரணிகளும் ஒன்று ஒற்றை ஒன்று இரட்டை என்று இருக்க முடியாது. ஆகவே 2 × 36, 4 × 18, 6 × 12 மட்டும். அவை (19, 17), (11, 7), (9, 3) ஆகின்றன. கடைசியில் 9 விழுகிறது. மூன்று வரியில் முடிந்த கணக்கு.

நேராகக் காரணி தெரியாத கணக்குதான் பிள்ளைகளைப் படுத்துவது:

ப×க − 2ப − 4க = 1

இரண்டு பக்கமும் 8 கூட்டுங்கள். இடப்பக்கம் (ப − 4)(க − 2), வலப்பக்கம் 9. எந்த எண்ணைக் கூட்டுவது என்று கேட்பார்கள்: ப, க இரண்டின் முன்னால் உள்ள 2-ஐயும் 4-ஐயும் பெருக்கினால் அதுதான். க எப்படியும் 2-க்குக் குறையாது, அதனால் எதிர்மக் காரணிகளைத் தேட வேண்டாம். 1 × 9, 3 × 3, 9 × 1. விடைகள் (5, 11), (7, 5), (13, 3). மூன்றும் பகா எண்கள். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் கிடைத்ததில் எதையும் அடிக்க வேண்டியதில்லை.

*காரணிப்படவில்லை, ஆனால் இரண்டு வர்க்கங்களும் கூட்டலில் இருக்கின்றனவா?* அப்படியென்றால் பயப்பட வேண்டாம், எல்லை இருக்கிறது. 52 கணக்கில் 3க² 52-ஐத் தாண்ட முடியாது, அதனால் க 4-க்கு மேல் போகாது. கையால் எண்ணி முடிக்கலாம்.

*காரணியும் இல்லை, நடுவில் கழித்தல் குறி இருக்கிறது என்றால்* அறிகுறி 4-க்குப் போங்கள். அதிலும் அடங்காவிட்டால் 5.

அறிகுறி 4: ஒரு விடை கிடைத்துவிட்டது, வேறு இல்லை என்று நிறுவ முடியவில்லை

இங்கே மீதிக் கணக்குதான் (இரு பக்கத்தையும் ஒரே எண்ணால் வகுத்து மீதியை ஒப்பிடுவது) ஸ்பேனர். எந்த அளவு ஸ்பேனர் என்பதில்தான் தப்பு நடக்கிறது.

முதலில் 2 (ஒற்றை, இரட்டை). பிறகு 3. பிறகு 4, 8. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பிறகு பகா எண்களுக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பேனர் 24: 3-க்கு மேற்பட்ட எந்தப் பகா எண்ணின் வர்க்கத்தையும் 24 ஆல் வகுத்தால் மீதி 1. 25, 49, 121, 169 என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். மேலே 72-ஐ எடுத்ததும் அதனால்தான்; 3-க்கு மேற்பட்ட இரண்டு பகா எண்களின் வர்க்க வித்தியாசம் 24-ன் மடங்காகத்தான் இருக்க முடியும். வித்தியாசம் 60 என்று கேட்டால், ஒன்று 2 அல்லது 3 ஆக இருந்தே ஆக வேண்டும். 64, 69 இரண்டையும் பார்த்தால் போதும்: 64 என்பது 8², 8 பகா எண் இல்லை, 69 வர்க்கமே இல்லை. விடை கிடையாது. எவ்வளவு எழுத்து மிச்சம், பாருங்கள்.

இந்த 24-க்கு ஒரு பெரிய வாழ்க்கையும் உண்டு. 24 ஆல் வகுத்தால் 5 மீதி வரும் போதிய அளவு பெரிய எண் எதுவும் ஐந்து பகா எண் வர்க்கங்களின் கூட்டல் என்று சீனக் கணிதர் ஹுவா லோகெங் 1938-ல் நிறுவினார். ஐந்து வர்க்கம், ஒவ்வொன்றுக்கும் மீதி ஒன்று, ஆக ஐந்து. வகுப்பில் 2021-ஐக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் 41² + 13² + 11² + 5² + 5² என்று வந்தது.

*எந்த ஸ்பேனரும் பிடிக்கவில்லையா?* நிறுத்துங்கள். நல்ல பகா எண் விடை ஒன்று பெரிதாக எங்கோ இருந்தால், "விடை இல்லை" என்று எந்த மீதியும் சொல்லாது. 5-ஐப் போட்டுப் பார்த்தேன், 7-ஐப் போட்டேன், 11-ஐப் போட்டேன் என்று மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். மீதியைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே கோளாறே வேறு.

அறிகுறி 5: விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன

ப² − 2க² = −1.

வலப்பக்கம் −1 ஆனதும் அறிகுறி 1-ல் ஒரே வரியில் முடிந்த கணக்கு திறந்துகொள்கிறது. 49 − 50. ஆக (7, 5). அப்புறம் 1681 − 1682, அதாவது (41, 29). இரண்டும் சுத்தமான பகா ஜோடிகள். அடுத்தது?

முழு எண் விடைகளை வரிசையாக எடுக்க ஒரு கைப்பிடி இருக்கிறது. ஒரு ஜோடியில் பெரியதை மூன்று மடங்கும் சிறியதை நான்கு மடங்கும் கூட்டினால் அடுத்த பெரியது. பெரியதை இரண்டு மடங்கும் சிறியதை மூன்று மடங்கும் கூட்டினால் அடுத்த சிறியது. (1, 1)-ல் ஆரம்பித்தால்:

(1, 1), (7, 5), (41, 29), (239, 169), (1393, 985), (8119, 5741), (47321, 33461) ...

இந்த வகைச் சமன்பாட்டை ஐரோப்பியப் புத்தகங்கள் பெல் சமன்பாடு என்கின்றன. அது கணிதர் ஆய்லர் தவறாக ஒட்டிய பெயர், பெல் என்ற கணிதருக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. ஒரு ஜோடியிலிருந்து அடுத்த ஜோடிக்குப் பெருக்கிப் போகும் வித்தையை பிரம்மகுப்தர் 628-லேயே எழுதிவிட்டார். 1150-ல் பாஸ்கரர், 2 இருந்த இடத்தில் 61 வைத்து, வலப்பக்கம் +1 ஆக, மிகச் சிறிய விடையையே 1766319049, 226153980 என்று கண்டுபிடித்தார். கால்குலேட்டர் இல்லாத காலம். இதைச் சொன்னால் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த அமைதியில் அடுத்த சோதனையை ஆரம்பிப்பேன்.

*எந்த ஜோடியைச் சோதிப்பது?* எல்லாவற்றையும் வேண்டாம். ஜோடிகளுக்கு 1, 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையாக எண் போடுங்கள். ஜோடியின் எண் பகு எண்ணாக இருந்தால் அந்த ஜோடியின் இரண்டு எண்களும் பகு எண்களே. 9-ஆம் எண்ணுள்ள 1393 = 7 × 199, 985 = 5 × 197; 3-ஆம் எண்ணுள்ள 7-உம் 5-உம் உள்ளே உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். ஆக 15, 21, 25, 27 எல்லாம் கழிந்தது. மிச்சமிருப்பவை:

7: 239 பகா எண். ஆனால் 169 = 13².
11: 5741 பகா எண். 8119-ன் கதைதான் உங்களுக்குத் தெரியுமே.
13: 33461 பகா எண். 47321 = 79 × 599.
17: சிறியது 1136689 = 137 × 8297.
19: பெரியது 9369319 பகா எண். சிறியது 6625109 = 37 × 179057.
23: சிறியது 225058681 = 229 × 982789.

ஒரு கால் செருப்பு கிடைத்தால் மறுகால் கிடைப்பதில்லை. 29-ல்தான் இரண்டும் சேர்கின்றன: ப = 63018038201, க = 44560482149. மூன்றாவது பகா ஜோடி பதினொரு இலக்கத்தில். கையால் இது நடக்காது, கணினி வேண்டும். தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் "100-க்குக் குறைவான" என்று எல்லை போட்டுத்தான் வரும். எல்லை இல்லையென்றால் கேள்வியைப் பார்த்து எழுதியவர் அதை விட்டுவிட்டார், மறுபடி பாருங்கள்.

*வர்க்கங்களோடு பெருக்கலும் கலந்திருந்தால்?* இது ஒலிம்பியாட் பிள்ளைகளுக்கு. க² + 1-ஐ ப வகுக்க வேண்டும், ப² + 1-ஐ க வகுக்க வேண்டும் என்ற கேள்வி கடைசியில் ப² + க² + 1 = 3ப×க ஆகிவிடும். இதன் கைப்பிடி இன்னும் எளிது: ஜோடியில் பெரியதின் மூன்று மடங்கிலிருந்து சிறியதைக் கழித்தால் அடுத்தது. 1, 2, 5, 13, 34, 89, 233... ஃபிபோனாச்சி எண்களை (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் 1, 1, 2, 3, 5, 8... வரிசை) ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தது போல இருக்கிறதே என்று யாராவது கத்துவார்கள். ஆமாம், அதுவேதான். அடுத்தடுத்து இரண்டும் பகா எண்ணாக வருவது (2, 5), (5, 13), (89, 233). நான்காவது? 431-ஆவது ஃபிபோனாச்சி எண்ணும் 433-ஆவதும். ஒன்றுக்கு 90 இலக்கம், மற்றதற்கு 91.

அறிகுறி 6: கால்குலேட்டர் முழு எண் காட்டுகிறது, ஆனால் சமன்பாடு பொருந்தவில்லை

470832-ஐ √2 ஆல் பெருக்குங்கள். பத்து இலக்கம் காட்டும் கால்குலேட்டர் 665857 என்று சுத்தமாகக் காட்டும். அது பகா எண்ணும்கூட. ஆனால் உண்மை மதிப்பு அதற்கு ஒரு கோடியில் ஏழெட்டுப் பங்கு குறைவு, திரை அதை முழுமையாக்கிவிட்டது.

சோதனைக்குக் கால்குலேட்டரே வேண்டாம், கடைசி இலக்கம் போதும். 665857² ஒன்பதில் முடியும். 2 × 470832² எட்டில் முடியும். சமமாக இருக்க முடியாது. வித்தியாசம் சரியாக 1.

எப்போது அடுத்தவரிடம் போவது

காரணிப்படுத்தியாயிற்று, 2, 3, 8, 24 எல்லாம் போட்டாயிற்று, கைப்பிடி தெரியும், ஆனால் எண்கள் ஆறு இலக்கத்தைத் தாண்டுகின்றன என்றால், கணினி தெரிந்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். பத்து வரி பைத்தான் நிரல் போதும், செலவு ஒரு தே தாரிக் டீ.

முழு எண் விடைகளின் கைப்பிடியே பிடிபடவில்லை என்றால் பல்கலைக்கழகத்தில் எண் கோட்பாடு எடுப்பவரிடம் போங்கள். இரண்டு எழுத்து இருபடிச் சமன்பாட்டுக்கு முழு எண் விடை காண முறையான வழி இருக்கிறது, அவர் ஒரு மாலையில் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

"முடிவில்லாமல் வருமா?" என்ற கேள்விக்கு வந்துவிட்டீர்கள் என்றால் பாதையே வேறு. க² + 4 என்ற வடிவத்தில் பகா எண்கள் முடிவில்லாமல் வருமா என்பதை யாரும் இன்னும் நிறுவவில்லை. மேலே பார்த்த 13, 29, 53, 173 எல்லாம் அதைச் சேர்ந்தவைதான். முழு எண் வர்க்கத்தோடு 1 கூட்டுகிற இதே மாதிரிக் கேள்வியை ஜெர்மன் கணிதர் லாண்டாவு 1912-ல் பட்டியலில் போட்டார், அதுவும் அப்படியே நிற்கிறது. சற்றே தளர்த்தினால் வழி கிடைக்கிறது: ஒரு முழு எண் வர்க்கமும் ஒரு பகா எண் வர்க்கமும் கூடி வரும் பகா எண்கள் முடிவில்லாதவை என்று கணிதர்கள் ஃபூவ்ரியும் இவானியெக்கும் 1997-ல் காட்டினார்கள். ப² + 4க² வடிவப் பகா எண்கள், ப, க இரண்டும் பகா எண்ணாகவே இருந்தாலும், முடிவில்லாதவை என்று பென் கிரீனும் மெஹ்தாப் சாஹ்னியும் 2024-ல் நிறுவினார்கள். 41, 61, 109 இந்த வகை. 25 + 16, 25 + 36, 9 + 100.

யாரிடம் போனாலும் வெறும் கையோடு போகாதீர்கள். ஒரு தாளில் சமன்பாடு, எந்த மீதிகளைப் போட்டீர்கள், எந்த எண் வரை தேடினீர்கள், கிடைத்த ஜோடிகள் என்னென்ன என்று எழுதிக்கொண்டு போங்கள். மோட்டார் சைக்கிளைப் பட்டறையில் விடும்போது எந்த கியரில் சத்தம் வருகிறது என்று சொல்லிவிட்டால் மெக்கானிக் எஞ்சினை முழுதாகப் பிரிக்க மாட்டார்.